ரமணிசந்திரன் நாவல்களில் காணாமல் போன தோழி

ரமணிசந்திரன் நாவல்களை வரிசையாகப் படித்தால் ஒன்று நடக்கும். ஐந்தாவது புத்தகத்தில் முப்பது பக்கம் தாண்டுவதற்குள் மீதிக் கதை தெரிந்துவிடும். யார் யாரைக் கட்டிப்பார், எவள் பொய் சொல்லிப் பிரிப்பாள், எந்த இடத்தில் கதாநாயகன் மனம் மாறுவான், எல்லாம். எனக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனா "எல்லாம் ஒரே கதைப்பா" என்று சொல்லிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை.

ஏன் படித்தேன் என்று கேட்கலாம். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற வாடகை நூலகங்களில் போய்ப் பாருங்கள். அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, டேப் ஒட்டி நிற்கிற புத்தகங்களில் பாதி இவருடையதாக இருக்கும். நூற்றுக்கும் மேல் நாவல் எழுதியவர். 2008ல் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் வரிசையில் இவரையும் சேர்த்தது. இவ்வளவு பேர் படிக்கிற ஒருவரை இலக்கிய விமர்சனம் ஒரு சிரிப்போடு தாண்டிப் போய்விடுகிறது. அது சரியில்லை. கவனமாகப் படித்துத்தான் குறை சொல்லணும்.

மென்பொருள்காரன் கண்ணுக்கு இந்தக் கதைகள் ஒரே ஃபங்ஷன் மாதிரி தெரிகின்றன. உள்ளே கொடுக்கிற மதிப்புகள் மட்டும் மாறும். அவன் தொழிலதிபர், உயரமானவன், கோபக்காரன். அவள் அழகி, தன்மானம் உள்ளவள், பெரும்பாலும் தாய் தந்தை இல்லாதவள் அல்லது இருந்தும் பலனில்லாதவள். அவளைப் பற்றி அவனுக்கு ஒரு தப்பான எண்ணம் வரும்: பணத்தாசை பிடித்தவள், இல்லை வேறொருவனை விரும்புகிறவள். ஏதோ ஒரு நெருக்கடியில் கல்யாணம் நடக்கும். பிறகு வார்த்தையால் குத்துவான். அவள் தாங்குவாள். நடுவில் ஒரு பொறாமைக்காரி வருவாள். கடைசியில் உண்மை தெரியும். "உன்மேல் இருந்த காதலால்தான் அப்படி நடந்துகொண்டேன்" என்கிற பொருளில் அவன் ஒரு நீண்ட விளக்கம் கொடுப்பான். முற்றும்.

திரும்பத் திரும்ப வருவது மட்டுமே குற்றம் என்றால் நம் அகப்பாடல்களும் தப்பாது. குறுந்தொகையில் 401 பாட்டு. ஆட்கள் அதே தலைவன், தலைவி, தோழி, செவிலி. பெயர்கூடக் கிடையாது. எந்த நிலத்துக்கு எந்த உணர்வு என்பதும் முன்கூட்டியே முடிவானது. ரஷ்யாவில் விளாதிமிர் பிராப் 1928லேயே மாயக்கதைகளைப் பிரித்துப் போட்டு, 31 செயல்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று காட்டினார். சட்டகம் இருப்பதில் தப்பே இல்லை. அந்தச் சட்டகத்துக்குள் யாருக்குப் பேச இடம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

அகப்பாடலில் தோழிக்கு என்னென்ன வேலை என்று பாருங்கள். இரவில் வந்து போகிற தலைவனிடம் "எப்போது கல்யாணம்?" என்று நெருக்குவாள். அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். தலைவியின் காதலை வீட்டில் எடுத்துச் சொல்ல வழி செய்வாள், அது அறத்தொடு நிற்றல். பரத்தையிடம் போய்விட்டு வருகிறவனை வாசலிலேயே நிறுத்துவாள், அது வாயில் மறுத்தல். அதாவது தலைவனைப் பார்த்து "நீ செய்வது சரியில்லை" என்று சொல்லும் உரிமை கதைக்குள்ளேயே ஒருத்திக்கு இருந்தது.

நான் படித்த ரமணிசந்திரன் நாவல்களில் இந்த ஆள்தான் இல்லை. தோழி என்று ஒருத்தி வந்தாலும் நாலு வரி பேசிவிட்டுப் போய்விடுவாள். யோசித்தால் காரணம் புரிகிறது. நேரில் வந்து "அவ அப்படிப்பட்டவ இல்ல, நீ முதல்ல விசாரிச்சியா?" என்று ஒருத்தி கேட்டால் போதும், அந்தத் தப்பெண்ணம் இருபது பக்கத்தில் செத்துவிடும். நாவல் ஓட வேண்டும் என்றால் நாயகி தனியாக இருந்தாக வேண்டும். அவளுடைய தனிமைதான் கதைக்கு எரிபொருள்.

இவருடைய பலத்தையும் சொல்லணும். தெளிவான நடை, ஆபாசம் இல்லை, நாயகியின் மனசுக்குள் ஓடுகிற வாக்குவாதம் உயிரோடு இருக்கும். அவள் திருப்பிப் பேசுவாள், புத்திசாலி. படிக்கிறவர்களுக்கும் தங்கள் காரணம் இருக்கிறது. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984ல் வெளியிட்ட நூலில், காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே பேசிப் பார்த்தார். வீட்டு வேலைக்கு நடுவே தனக்கென்று கிடைக்கும் நேரம் அது என்றார்கள். அவர் கவனித்த இன்னொன்று: ஆரம்பத்தில் நாயகன் காட்டும் கடுமைக்கு முடிவில் அன்பு என்று புது அர்த்தம் கிடைத்துவிடுகிறது. கடற்கரை வண்டியில் லேடீஸ் கோச்சில் இடம் பிடித்து உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்கும் அந்த அரை மணி நேரம் அவளுடையதுதான். அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

என் சண்டை அந்தப் புது அர்த்தத்தோடுதான். ஒரு கதையில் வந்தால் அது ஒரு திருப்பம். நூறு கதையில் வந்தால் பாடம். திட்டினால் காதல், சந்தேகப்பட்டால் காதல், விருப்பம் கேட்காமல் தாலி கட்டினாலும் காதல். நம் சட்டம் இருக்கும் இடத்தையும் பாருங்கள். மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால், அவள் சம்மதம் இல்லாமல் கணவன் கொள்ளும் உறவை வல்லுறவாகக் கருதாத விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் தொடர்கிறது. 2013ல் வர்மா குழு இந்த விதிவிலக்கை நீக்கச் சொல்லியும் நீக்கவில்லை. நாவல்தான் சட்டத்தைக் கெடுத்தது என்று நான் சொல்லவரவில்லை. கல்யாணம் ஆனதும் சம்மதம் என்ற கேள்வியே முடிந்துவிடுகிறது என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

இணையத்தில் இப்போது தொடர்கதை எழுதும் பலர் இவரைப் படித்து வளர்ந்தவர்கள். அவர்களில் சிலர் கடத்தல், மிரட்டல், கட்டாயத் தாலி என்று சட்டகத்தை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். ரமணிசந்திரனிடம் இருந்த நாகரிகம் போய், கடுமை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சந்தோஷமான முடிவு வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. தொழிலதிபர் இருக்கட்டும், கொடைக்கானல் பங்களாவும் இருக்கட்டும். விளக்கம் கொடுப்பதற்கு முன் அவன் ஒருமுறை மன்னிப்புக் கேட்கட்டும். அதற்கும் முன்னால், வாசலில் ஒருத்தி நின்று அவனை மறிக்கட்டும். அவளை எழுத நமக்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாயிரம் வருஷமாக நம் மொழியில் இருக்கிறவள்தான்.