தையற் பணியும் தையலார் கூலியும்: நரசாப்பூர் நூலொன்றைத் தென்காசியிலிருந்து வாசித்தல்

மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலார் நரசாப்பூரின் ரேந்தைப் பெண்களைப்பற்றி 1982இல் வெளியிட்ட ஆங்கில நூல், திருச்சபை வரலாறு பயில்வோர் கையில் அரிதாகவே காணப்படுகிறது. கோதாவரிக் கழிமுகத்தில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் கற்பித்த ரேந்தைப் பின்னல், உலகச் சந்தைக்குச் சரக்கனுப்பும் தொழிலாக வளர்ந்த வரலாற்றை அவர் ஆராய்கிறார். அவர் கண்ட முடிபு நமக்கு இனிமையானதன்று. நூற்கண்டைக் கொடுப்பவரும் பின்னலை வாங்கிச் செல்பவரும் முகவர். ஏற்றுமதி செய்வோர் ஆடவர். நாளின் பெரும்பகுதி பின்னிக்கொண்டிருக்கும் பெண்ணோ வீட்டில் சும்மா இருப்பவளாகக் கருதப்பட்டாள். வயலில் கூலிவேலை செய்த பெண்கள் அவளைவிட மிகுதியாக ஈட்டினர். ஆயினும் வெளியே செல்லாதிருப்பதே மதிப்பென்று அவள் எண்ணினாள். அந்த எண்ணமே முகவரின் முதலாயிற்று.

தென்காசி வட்டாரப் போதகர் ஒருவர் இந்நூலை வாசிப்பாராயின், பக்கத்துக்குப் பக்கம் தம் சபையாரையே காண்பார். கடையம், ஆலங்குளம் பக்கத்துச் சிற்றூர்களில் இலையும் தூளும் கடையிலிருந்து வருகின்றன. பெண்கள் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. கழிவென்று தள்ளப்பட்டவற்றுக்குக் கூலி இல்லை. வேறுபாடு ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என ஏற்றுக்கொண்டது. நரசாப்பூர்ப் பெண்ணுக்கு இல்லாதிருந்த அந்தப் பெயர், புகையிலை நெடியில் இருமும் நம் சகோதரிக்குச் சட்டப்படி உண்டு. ஆதலால், பீடியை விட்டுத் தையலுக்கு வாருங்கள் என்று நாம் அழைக்கும்போது, உடல்நலத்தை முன்னிட்டு அது நல்லழைப்பேயாயினும், அவள் எதை இழந்து வருகிறாள் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

எனினும் மீஸ் அம்மையாரின் நோக்கில் ஒரு குறை உண்டு. வணிகத்தின் கதையை அவர் நுணுகிக் காண்கிறார்; ஊசி சில இடங்களில் விடுதலைக் கருவியாயிற்று என்பதற்கு அவருடைய சட்டகத்தில் இடமில்லை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அடிமைகளாயிருந்த மாணவியர் சிலர் ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்துத் தம்மை மீட்டுக்கொண்டனர் என மிஷன் வரலாறுகள் கூறும். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அவ்வாறே, மிஷனரிப் பெண்டிர் தைக்கக் கற்பித்த குப்பாயம் வெறும் துணியன்று. அதை அணிந்த பெண்கள் தெருவில் அடிபட்டனர். 1859ஆம் ஆண்டு அரச அறிக்கை வரை அவ்வழக்கு நீண்டது. நரசாப்பூரின் கூலியையும் நாகர்கோவிலின் மீட்பையும் ஒருங்கே சொல்லும் வரலாறே நமக்குத் தேவை. மார்த்தாவின் மகளாகிய எலைசா கால்டுவெல் இடையன்குடியில் அத்தொழிலைத் தொடர்ந்தார். அங்கே கூலிக்கணக்கு எவ்வாறிருந்தது என்பதை நம் மாணவர் யாரேனும் ஆராயலாம்.

மால்ட் அம்மையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாகர்கோவிலில் தங்கியவர். இக்காலத்திலோ, வெளிநாட்டிலிருந்து ஏழை நாடுகளுக்குச் சில வாரங்கள் தையல் கற்பிக்கச் செல்வதே ஓர் ஊழிய முறையாகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களில் வந்து சாரல் முடியுமுன் திரும்புகிறவர் எதைக் கற்பிக்க இயலும்? ரவிக்கை வெட்டத் தென்காசித் தையற்காரருக்கு அயலார் சொல்லித்தர வேண்டியதில்லை. (பெண்ணையும் ஊசிவேலையையும் தையல் என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது.) அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசத் தையல் எந்திரம் வழங்கி வந்துள்ளது. எந்திரம் வந்தபின் துணி யாருடையது, விலையை யார் குறிப்பது, கணக்கேடு யார் கையில் என்பவையே மீஸ் எழுப்பும் வினாக்கள். அவற்றுக்கு விடை சொல்லாத தையல் வகுப்பு, முகவருக்கு ஆள் பயிற்றும் வகுப்பாகவே முடியும்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளைப்பற்றி மாதர் சங்கங்களில் அடிக்கடி பிரசங்கிக்கிறோம் (அப். 9:36-42). அவ்விதவைகளை உதவி பெற்றோராகவே காண்பது நம் வழக்கம். அழுதுகொண்டு பேதுருவுக்கு அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டியவர்கள் அவர்களே. தொற்காளின் கைவேலை இன்னதென்று சாட்சி சொல்லும் பொறுப்பு அந்த அறையில் அவர்களிடமே இருந்தது. தையல் வகுப்பு நடத்தும் சபைகளின் ஆண்டறிக்கைகளிலோ வகுப்பைத் திறந்துவைத்தவரின் பெயர் இருக்கிறது. தைத்தவள் பெற்ற கூலி இருப்பதில்லை.