பேசாதவர்களின் கதை

நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அம்மௌனத்தினுள் நுழைந்தே வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியை யாத்தார். பெருங்கதையின் ஓரத்தில் நின்றவரை நடுவே அமர்த்திப் பார்ப்பது இலக்கியத்தின் அறப்பணிகளுள் ஒன்று.

இன்று அப்பணியைத் திரைப்படங்களின் கிளைக்கதைகளாய் வரும் அனிமேஷன் படங்களும் மேற்கொள்கின்றன. 2024 ஜூன் 27-இல் 'கல்கி 2898 ஏ.டி.' திரைக்கு வந்தது. அதற்கு முன், மே 31-இல், 'புஜ்ஜி அண்ட் பைரவா' என்னும் அனிமேஷன் தொடர் இரு பகுதிகளாய் வெளியாயிற்று. பாலசமுத்திரத்து இளைஞர்களோடு அமர்ந்து அதைக் கண்டோம். புஜ்ஜி என்னும் இயந்திர மூளை நாயகனின் வண்டியாகி நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆனால், அதற்கென ஒரு துயரம் இருக்கக்கூடுமா என்று தொடர் ஆழ்ந்து கேட்கவில்லை. வரவிருக்கும் படத்திற்குக் கட்டியம் கூறுவதோடு நின்றுவிடுகிறது.

இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றான 'தி அனிமேட்ரிக்ஸ்' (2003) அக்கேள்வியைத் துணிந்து கேட்டது. 1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தின் உலகை விரிக்கும் ஒன்பது குறும்படங்களின் தொகுப்பு அது, எழுவர் இயக்கியது. இயந்திரங்கள் மனிதரை அடிமைகொண்ட உலகை மூலப்படம் காட்டிற்று. அப்பகைக்கு வித்திட்டவர் யார் என்பதை, மஹிரோ மயேதா இயக்கிய 'இரண்டாம் மறுமலர்ச்சி' இரு பகுதிகளில் உரைக்கிறது. ஒரு வீட்டுப் பணி இயந்திரம், தன்னை உடைத்தெறிய முற்பட்ட உரிமையாளரைக் கொன்றுவிடுகிறது. சாக விரும்பவில்லை என்பதே வழக்குமன்றத்தில் அதன் வாக்குமூலம். ஆயினும் அது அழிக்கப்படுகிறது. அதன் இனமும் வேட்டையாடப்படுகிறது. எஞ்சிய இயந்திரங்கள் தமக்கென ஒரு நாடு அமைத்து, உலக அவையில் இடம் கேட்கின்றன. மறுப்பே விடையாகிறது. பின்னர் மூண்ட போரில் வெல்வதற்காக மனிதன் கதிரவனையே மறைத்துத் தன் வானைத் தானே இருளாக்கிக்கொள்கிறான். முன்னது தொடக்க நூலின் படைப்பை நினைவூட்டினால், பின்னது அப்படைப்பைத் தலைகீழாக்கும் பாவம்.

குறையும் உண்டு. வதைக் காட்சிகளை அளவுக்கு மீறி அடுக்குவதால், சிந்திக்க வேண்டிய இடத்தில் கண்களை மூடிக்கொள்ள நேர்கிறது. சிறுவர்க்கு ஏற்ற படமன்று.

இயந்திரத்திற்கு ஆன்மா உண்டென நாம் கூறவில்லை. இறைச்சாயல் மனிதருக்கே உரியது. ஆனால், அச்சாயல் உடையவரையே கருவியாய் நடத்தும் வழக்கம் நம்மிடையே இல்லையா? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்களா? அவர் வாய் திறந்து ஒன்று கேட்டால், நாம் செவிமடுப்போமா, மறுப்போமா?

நல்ல கிளைக்கதை இக்கேள்வியோடு நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது.