அக்மாத் சிறையில் ஒரு தந்தை

முஃதமித் இப்னு அப்பாதின் சிறைக் கவிதைகளை நம் அரபுக் கல்லூரிகளில் ‘காலத்தின் மாற்றம்’ என்ற தலைப்பின்கீழ் நடத்துவதே வழக்கம். நேற்று அரியணை, இன்று விலங்கு. படிப்பினை பெறுவீர் என்று கூறிவிட்டு ஆசிரியர் அடுத்த கவிஞரிடம் சென்றுவிடுவார். ஆயினும் அக்கவிதைகளை ஊன்றிப் படிப்போருக்கு வேறொன்று விளங்கும். அங்கே அழுபவர் ஆட்சியை இழந்த மன்னர் என்பதைவிட, பிள்ளைகளின் முன் தந்தையாக நிற்க இயலாமற்போன ஒரு மனிதர்.

இஷ்பீலியாவின் மன்னரான முஃதமித், ஹிஜ்ரி 479இல் (கி.பி. 1086) ஸல்லாக்காப் போர்க்களத்தில் முராபித்துகளின் தலைவர் யூஸுஃப் இப்னு தாஷிஃபீனுடன் அணி சேர்ந்து நின்றவர். ஐந்தே ஆண்டுகளில் அதே யூஸுஃபின் படை இஷ்பீலியாவைக் கைப்பற்றியது. மைந்தர் சிலர் கொல்லப்பட்டனர். மனைவி இஃதிமாதுடன் மொரோக்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட முஃதமித், மர்ராகுஷுக்கு அருகிலுள்ள அக்மாத்தில் விலங்கிடப்பட்டு, ஹிஜ்ரி 488இல் (1095) அங்கேயே மரணமடைந்தார். யூஸுஃப் செய்தது முறையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இங்கு அது நமக்கு வேண்டியதன்று.

புகழ்பெற்ற பெருநாள் கவிதையை முதலில் நோக்குவோம். பெருநாளன்று புதல்வியர் ஸலாம் சொல்ல வருகின்றனர். கந்தல் உடை, வெறுங்கால், பிறருக்கு நூல் நூற்றுப் பிழைக்கும் வறுமை. அவ்வறுமையின் அளவைக் கூற, பேரீச்சங்கொட்டையின் மேலுள்ள மெல்லிய படலத்தைக் குறிக்கும் ‘கித்மீர்’ என்ற குர்ஆனியச் சொல்லைக் கவிஞர் எடுத்தாள்கிறார். சேற்றில் பதியும் அப்பாதங்கள் ஒருகாலத்தில் கஸ்தூரியையும் கற்பூரத்தையும் மிதித்தவை என்ற குறிப்பில் உரையாசிரியர்கள் மகிழ்ந்து திளைப்பார்கள். அரண்மனை முற்றத்தில் வாசனைப் பொருள்களைக் குழைத்துச் சேறாக்கிய கதையையும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கவனியாதது இலக்கணம். கவிதை ‘நான்’ என்று தொடங்கவில்லை. ‘நீ’ என்றும் ‘உன் புதல்வியர்’ என்றும் பேசுகிறது. தன்னையே பிறனாக்கி விளிக்கும் இதனை பலாகாவில் ‘தஜ்ரீத்’ என்போம். இங்கு அது வெறும் அணியன்று என்பது என் கருத்து. தலைகுனிந்து நிற்கும் மக்களின் முன் ‘என் புதல்வியர்’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அபூஹாஷிம் என்ற இளைய மகனைக் குறித்த இரு கவிதைகளை ஒருசேர வைத்துப் படிக்க வேண்டும். ஸல்லாக்காவில் வாள்கள் தம்மைச் சிதைத்தபோது மகனின் சிற்றுருவம் நினைவில் வந்தது, அந்த அன்பும் தம்மைப் புறமுதுகிடச் செய்யவில்லை என்கிறார் ஒன்றில். மற்றொன்றில் காலிலுள்ள விலங்கை விளிக்கிறார். அதன் கொடுமை அறியாத குழந்தை அஞ்சாமல் அதனிடமே இரக்கம் கேட்டு வருகிறது. அவனுக்கும் அவனுடைய சின்னஞ்சிறு சகோதரிகளுக்கும் இரங்கு என மன்றாடுகிறார். ‘ஹஷம’ என்றால் நொறுக்குதல். இரு கவிதைகளிலும் மகனின் பெயரோடு அவ்வினைச்சொல்லைப் பிணைத்துள்ளார். போர்க்களத்தில் நொறுங்கியது உடல், சிறையில் நொறுங்கியது உள்ளம். முன்பு மகனை அவர் நினைத்தார். இப்போது விலங்கோடு மகன் அவரைப் பார்க்கிறான். சிறை, தந்தையைப் பார்க்கப்படுபவனாக ஆக்கிவிடுகிறது. (தம் சிறையிலிருந்து கவிதையால் மன்னிப்புக் கேட்ட இப்னு அம்மாரைத் தம் கையாலேயே கொன்றவரும் இதே முஃதமித்தான். அவருடைய கண்ணீரைப் படிக்கும்போது இதையும் மறத்தலாகாது.)

சிறைக்கு மேலே ‘கதா’ என்னும் பாலைப் பறவைகள் கூட்டமாய்ப் பறப்பதைக் கண்டு பாடிய கவிதையே இவற்றுள் ஆழமானது. பொறாமையில்லை, ஏக்கமே என்று தொடங்கி, அப்பறவைக்கு அதன் குஞ்சுகளின் விஷயத்தில் இறைப் பாதுகாப்பை வேண்டி, தம் குஞ்சுகளை நீரும் நிழலும் கைவிட்டதைச் சொல்லி முடிக்கிறார். அரபுக் கவிதை பயின்றவருக்கு இங்கே ஹுதைஆ நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். ஸிப்ரிகானை வசைபாடியதற்காக உமர் (ரலி) அவர்களால் சிறையிலிடப்பட்ட ஹுதைஆவும், நீரும் மரமுமற்ற இடத்தில் விடப்பட்ட குஞ்சுகளாகவே தம் பிள்ளைகளை உருவகித்து முறையிட்டார். பெற்ற தாயையும் வசைபாடிய நாவு அது; ஆயினும் கலீஃபா அழுதார், விடுதலையும் அளித்தார். ஹுதைஆவுக்குச் செவிசாய்க்க ஓர் உமர் இருந்தார். முஃதமிதுக்கு எவருமில்லை. ஆகவே முறையீடு துஆவாகிறது. அதுவும் தம் மக்களுக்கன்று, ஒரு பறவைக்கு! கதாவின் இனத்தில் ஆண் பறவையே வயிற்றுச் சிறகுகளை நனைத்து வெகுதொலைவிலிருந்து குஞ்சுகளுக்கு நீர் கொண்டுவருகிறது என்பது பறவையியலார் கண்ட உண்மை. இதை அறிந்தபின் அவ்விறுதியடி இன்னும் கனக்கிறது.

இத்தனையிலும் பிள்ளைகள் பேசுவதில்லை. பேசும் ஒரே குரல் புஸைனாவினுடையது. ஹிஜ்ரி 1041இல் மறைந்த மக்கரீ ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் தரும் செய்தி இது; நிகழ்ச்சிக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிந்தியது என்பதையும் மனத்திற் கொள்க. இஷ்பீலியா வீழ்ந்தபோது சிறைபிடிக்கப்பட்ட இம்மகளை ஒரு வணிகர் அடிமையாக வாங்கித் தம் மகனுக்கு அளித்தார். அவள் தன் குலத்தை வெளிப்படுத்தி, தந்தையின் சம்மதத்துடன் நிகாஹ் நடந்தாலன்றி இணங்கேன் என்று கூறி, அக்மாத்துக்குக் கவிதையில் மடல் எழுதினாள். எட்டாத் தொலைவிலுள்ள வலீயின் இடத்தில் காஜி நின்று நிகாஹ் செய்துவைக்க ஃபிக்ஹில் வழியுண்டு. அவள் அதை நாடவில்லை. உணவோ உடையோ தர இயலாத கைதியை அவள் வலீயாகவே நடத்தினாள்.

நம் பாடத்தொகுப்புகளில் பெருநாள் கவிதையின் அருகில் இம்மடல் இடம்பெற வேண்டும். மகள் உயிரோடிருக்கும் செய்தியறிந்து மகிழ்ந்த முஃதமித், சம்மதம் தெரிவித்த கடிதத்தில் ஒரேயொரு பைத்து எழுதினார். அதில் விலங்கும் இல்லை, இஷ்பீலியாவும் இல்லை. கணவனிடம் நல்லவளாக நடந்துகொள் என்று மகளுக்குச் சொல்லும் புத்திமதியே இருக்கிறது.