வண்ணப் படம் சான்றாகுமா?

ஹெலிகாப்டர் வாலில் வளையத்துக்குள் சுழலும் விசிறியைக் கணிப்பொறியில் ஆராய்வோர் பலர், அதனை இறகுகளற்ற மெல்லிய வட்டாகவே கருதிக் கணக்கிடுகின்றனர். வட்டைக் கடக்கும் காற்றின் அழுத்தம் உயர்வதாகக் கொள்வார்கள். அந்தரத்தில் நிற்கும்போது உந்துவிசையில் ஏறத்தாழப் பாதியை வளைய விளிம்பே தருவது இம்முறையில் நன்கு விளங்குகிறது. இது பாராட்டத்தக்கதே.

ஆனால் இரைச்சலை இதனால் கணிக்க முடியுமா? முடியாது. 1968இல் இவ்வகை விசிறியோடு பறந்த பிரெஞ்சு 'கசெல்' ஹெலிகாப்டரின் இறகுகள் சம இடைவெளியில் அமைந்தவை. பின்னர் வந்த 'இசி 135'இன் 10 இறகுகளோ, ஒரே சுருதியில் கூவும் ஓசையைச் சிதறடிப்பதற்காகவே சமமற்ற இடைவெளியில் பொருத்தப்பட்டன. வட்டுக் கணக்கில் இறகும் இல்லை, இடைவெளியும் இல்லை!

ஆகவே மாணவர்களே, வண்ணப் படத்தைக் கண்டு வியக்குமுன் கேளுங்கள்: கணக்கில் விடப்பட்டது எது? காற்றுச் சுரங்கச் சோதனை இதனை ஒப்புகிறதா?