ஸ்டைரன் கண்ட இருட்டு

வில்லியம் ஸ்டைரன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1990-ல் 'டார்க்னஸ் விஸிபிள்' என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தலைப்பு மில்டனிடம் வாங்கியது. நூறு பக்கம்கூட இல்லை. அவருடைய பெரிய நாவல்களைவிட இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன் என்றால் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும்.

1985-ல், அறுபதாவது வயதில், பாரிஸுக்குப் பரிசு வாங்கப் போகிறார் மனிதர். இருபத்தையாயிரம் டாலர். வாங்கியும் துளி சந்தோஷமில்லை; அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் காசோலையையே தொலைத்துவிடுகிறார். (பிறகு கிடைத்தது.) புலம்பல் இல்லாமல், தனக்கு நேர்ந்ததைப் பிறத்தியான் விவகாரம்போல் சொல்லிக்கொண்டு போகிறார். அதுதான் இந்தப் புத்தகத்தின் பலம்.

அவருக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. 'டிப்ரெஷன்' என்ற சொல்லின்மேல். தரையிலுள்ள பள்ளத்துக்கும் வியாபார மந்தத்துக்கும் சொல்கிற வார்த்தையை இந்தக் கொடிய நோய்க்கு வைத்தார்களே என்கிறார். தமிழில் நம் கதி இன்னும் மோசம். மனச்சோர்வு என்கிறோம், வெயிலில் நடந்து வந்தவனுக்கும் சோர்வுதான். மன அழுத்தம் என்கிறோம். பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கும் அதுதான். வார்த்தை இவ்வளவு சப்பையாக இருந்தால், "எழுந்து நாலு இடம் போய் வா, சரியாகிவிடும்" என்று வீட்டார் சொல்வதில் என்ன ஆச்சரியம்?

அவருடைய வைத்தியரும் கிட்டத்தட்ட வீட்டார் மாதிரிதான் நடந்துகொள்கிறார். புத்தகத்தில் அவருக்கு டாக்டர் கோல்டு என்று புனைபெயர். ஆஸ்பத்திரி வேண்டாம், அவப்பெயர் வரும் என்கிறார். கடைசியில், உயிர் போக்கிக்கொள்ளத் தயாராகிவிட்ட ஓர் இரவில், பிராம்ஸின் சங்கீதம் எங்கிருந்தோ காதில் விழுந்து, ஸ்டைரன் மனைவியை எழுப்புகிறார். மறுநாள் ஆஸ்பத்திரி. ஏறக்குறைய ஏழு வாரம். அங்கேதான் தேறினார்.

இதிலிருந்து, நோய் முற்றியபின் வைத்தியரிடம் உட்கார்ந்து பேசுவதால் பயனில்லை என்று அவர் முடிவு கட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு வைத்தியர் வாய்க்காததை வைத்து முறையையே தள்ளலாமா? கடும் நோய்க்கு மருந்தும் பேச்சும் சேர்ந்து செய்வது பெரும்பாலும் கூடுதல் பலன் தருகிறது என்பது இன்று வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். தவிர, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அவரே என்ன செய்கிறார்? பதின்மூன்று வயதில் தாய் இறந்ததையும், அந்தத் துக்கத்தை அழுது தீர்க்காததையும், தம் நாவல்களில் தற்கொலை திரும்பத் திரும்ப வந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். நல்ல வைத்தியர் எதிரே உட்கார்ந்து பேச வைத்திருந்தால் பேசியிருக்கக்கூடிய பேச்சு இது. காகிதத்தோடு பேசியிருக்கிறார்.

முடிவில் தாந்தேயைக் கூட்டிவந்து நிறுத்துவதும் எனக்கு உவப்பில்லை. மேடைப் பேச்சு வாடை. 2000-ல் அதே நோய் மறுபடி வந்து, மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிலிருந்தும் எழுந்து, 2006-ல் எண்பத்தோராவது வயதில் நிமோனியாவில் இறந்தார்.