கோப்பை வாங்கிய சேவலின் குஞ்சுகள்

கண்காட்சிக்குக் கோழி வளர்ப்பவர்கள் எங்கும் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. இறகில் குறையுள்ள கோழிக்குப் பரிசு கிடைக்காது. பரிசில்லாத கோழியிடம் யாரும் குஞ்சு எடுக்க மாட்டார்கள். ஆகவே, போட்டி நடக்க நடக்க இனம் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். இந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1845இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் கண்காட்சி நடந்த நாளிலிருந்து இந்த மரபு செய்த நன்மை பெரிது. பிரிட்டனில் 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் தரநூல்கள் வந்திராவிட்டால் பல பழைய இனங்கள் பிராய்லர் காலத்தைத் தாண்டியிருக்காது. கண்ணால் பார்த்தே களையக்கூடிய குறைகளை வளர்ப்போர் நன்றாகவே களைந்தார்கள். சுருளிறகுக் கோழியையே எடுத்துக்கொள்ளலாம். அந்த வகையில் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு இறகு முறிந்து உடம்பு தெரிய நிற்கும். அதனால் சுருளிறகுக்கு நேரிறகைத்தான் ஜோடி போடுகிறார்கள். காரணமான கெரட்டின் மரபணுவை ஆய்வாளர்கள் கண்டுசொன்னது 2012இல்தான். வளர்ப்போருக்கு வழி அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

ஆனால் சுருளிறகுக்கு மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே போதும், வெளியே தெரிந்துவிடும். ஒடுங்கு பண்பு அப்படியல்ல; தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக இரண்டு பிரதி சேர்ந்தால்தான் தெரியும். இறக்கையை விரித்தால் வெளியிறகுகளுக்கும் உள்ளிறகுகளுக்கும் நடுவே இடைவெளி விழும் பிளவுச் சிறகு, ஒரு பக்கமாகச் சாயும் கோணல் வால் ஆகிய இரண்டும் பரம்பரையாக வருபவை. தரநூல்படி இரண்டுமே தகுதி நீக்கத்துக்கு உரியவை. இப்படிப்பட்ட குறை, தாய் தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் மறைந்திருந்து குஞ்சில் தலைகாட்டலாம்.

ஒற்றை ஒடுங்கு மரபணுவால் வரும் குறை ஒன்று, நூறு கோழியில் ஒன்றுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கலந்து இனம்பெருகும் மந்தையில், அதை வெளியே காட்டாமல் சுமக்கும் கோழிகள் ஏறக்குறைய 18. குறை தெரிந்த கோழியை மட்டும் ஒதுக்கினால் அடுத்த தலைமுறையில் அது 121இல் ஒன்றுக்கு வரும்; அதற்கடுத்து 144இல் ஒன்றுக்கு. எத்தனை ஆண்டு கழித்தாலும் ஒழியாது. இறகில் ஒரு பிசிறும் இல்லாத அந்த 18இல் ஒன்றுக்குத்தான் நடுவர் கோப்பையைக் கொடுக்கக்கூடும். கோப்பை வாங்கிய சேவலை ஊரெல்லாம் பெட்டைக்கு விடுவார்கள். அதன் குஞ்சுகளில் பாதி அந்தக் குறையைச் சுமந்துகொண்டு விலைபோகும்.

தீவனத்தில் புரதம் குறைந்தாலும் செள்ளு பிடித்தாலும் இறகு கெடும். அந்தக் கெடுதி குஞ்சுக்குப் போகாது. ஒற்றைக் கோழியை ஒரு நாள் கூண்டில் பார்க்கும் நடுவர் எது பரம்பரை, எது பராமரிப்பு என்று எப்படிப் பிரிப்பார்?

ஒரு சேவல் சுத்தமா என்று அறிய வழி இருக்கிறது. குறை வெளிப்பட்ட பெட்டைகளோடு அதைச் சேர்க்க வேண்டும். சேவல் அந்த மரபணுவைச் சுமந்தால், ஏழு குஞ்சும் குறையில்லாமல் வர வாய்ப்பு 128இல் ஒன்றுதான். ஓர் அடைப் பொரிப்பு போதும். ஆனால் இந்தச் சோதனைக்கு உதவும் பெட்டைகளைத்தான் முதலில் குழம்புக்கு அனுப்பிவிடுகிறோம், கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதாமல். எத்தனை குஞ்சு பொரித்தது, எத்தனை ஏன் கழிந்தது என்று வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. இதை இனமேம்பாடு என்று சொல்வது மறைப்பு. நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

நம் ஊரிலும் கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்குக் கண்காட்சிகள் நடக்கின்றன. வாலின் நீளத்துக்கும் அலகின் வளைவுக்கும் லட்சங்களில் விலை பேசுகிறார்கள். மேற்கில் நூறாண்டுக்கும் மேலாகத் தொடரும் இந்தப் பிழையை நாமும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பரிசைத் தனிச் சேவலுக்குக் கொடுக்காமல், அதையும் அதன் ஒரு பொரிப்புக் குஞ்சுகளையும் சேர்த்து நிறுத்துபவருக்குக் கொடுங்கள். அந்த விதி வரும்வரை, சேவல் வாங்கப் போகிறவர்கள் கோப்பையைப் பார்க்க வேண்டாம். அதோடு கூடப் பொரித்த குஞ்சுகள் அத்தனையையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.