முகமூடிக்கு அப்பால்: சித்திரக்கதை வாசிப்பின் தொடக்கம்

சூப்பர் ஹீரோ கதைகளைத் தாண்டிச் சித்திரக்கதைகளை வாசிக்க விரும்புபவர்கள் முதலில் கேட்பது ஒரு பட்டியலை. அது எளிதாகக் கிடைத்துவிடும். 'மௌஸ்', 'பெர்சபோலிஸ்', 'வெறுங்கால் ஜென்' ஆகிய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்கும். ஆனால் பழைய காமிக்ஸை வாசித்த அதே வேகத்தில் இவற்றை வாசித்தால், படங்கள் சேர்த்த வரலாற்றுப் பாடமாகவே இவை மிஞ்சும். எதை வாசிப்பது என்பதைவிட எப்படி வாசிப்பது என்பதே புதிய வாசகரின் சிக்கல்.

தமிழ் வாசகரின் பழக்கம்

தமிழில் காமிக்ஸ் வாசித்து வளர்ந்த தலைமுறையின் நாயகர்கள் அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் மட்டுமல்லர். 1972-ல் முத்து காமிக்ஸ் பிரிட்டிஷ் படைப்பான இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. சிவகாசியிலிருந்து வந்த இவ்விதழ்கள் வழியாக இத்தாலியின் டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சு மொழியில் உருவான லக்கி லூக்கும் கேப்டன் டைகரும் தமிழ் பேசினார்கள்.

இவர்களில் பலருக்கு முகமூடி இல்லை, பறக்கும் ஆற்றலும் இல்லை. ஆனால் சூப்பர் ஹீரோ கதை தரும் அதே உறுதியை இவர்களும் தருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் நாயகன் உயிரோடு இருப்பான். கேப்டன் டைகர் தொடரில் இந்த உறுதி அவ்வப்போது ஆட்டம் காண்பதுண்டு. மற்றவற்றில் பெரும்பாலும் அசையாது. எப்படித் தப்புவான் என்ற ஆவலில் கண் கட்டத்துக்குக் கட்டம் தாவுகிறது. அந்த வேகம் அக்கதைகளுக்குப் பொருத்தமானது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் உறுதி இல்லாத கதைகளை அதே வேகத்தில் கடக்க முடியாது. ஆகவே, சூப்பர் ஹீரோவுக்கு அப்பால் செல்வது என்றால் முதன்மையாக இந்த உறுதியை விட்டுச் செல்வதுதான்.

பெர்சபோலிஸ்: முதல் நூல்

தொடங்குவதற்கு ஏற்றது மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபோலிஸ்'. பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வந்தது. தமிழிலும் கிடைக்கிறது. 1979 ஈரான் புரட்சியையும் அதைத் தொடர்ந்த ஈராக் போரையும் தெஹ்ரானில் வளரும் ஒரு சிறுமியின் கண் வழியாகச் சொல்கிறது. படங்கள் கறுப்பு, வெள்ளை மட்டுமே. சாம்பல் நிறம்கூட இல்லை.

இந்த எளிமையைத் திறமைக்குறைவு என்று எண்ணுபவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம். ஏவுகணை விழுந்த தெருவில், இடிபாடுகளுக்கிடையே தன் தோழியின் கைவளையைச் சிறுமி காண்கிறாள். வாயைப் பொத்துகிறாள். கண்களை மூடிக்கொள்கிறாள். அடுத்த கட்டம் முழுவதும் கறுப்பு. வரைவதற்கு எதுவும் இல்லை என்பதையே அந்தக் கட்டம் காட்டுகிறது. சாம்பல் நிறச் சாயல்கள் நிறைந்த ஓவியமுறையில் அந்தக் கறுப்புக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது. வியன்னாவில் கழியும் பதின்பருவப் பகுதி இந்த அடர்த்தியை எட்டவில்லை. பல இடங்களில் அது நாட்குறிப்பாகத் தளர்ந்துவிடுகிறது.

வெறுங்கால் ஜென்: சிறுவர் பாணியில் பேரழிவு

கெய்ஜி நகசாவா ஹிரோஷிமாவில் 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவன். தந்தை, அக்கா, தம்பியை அன்று இழந்தார். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த 'வெறுங்கால் ஜென்' 1973-ல் ஜப்பானியச் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடராக வரத் தொடங்கியது. இதில் உருண்டை முகங்கள், குட்டிக்கரணங்கள், அடிதடி எல்லாம் உண்டு. மிகையும் கூச்சலும் முதலில் எரிச்சலூட்டலாம். ஆனால் வேடிக்கைக்காக வரையப்பட்ட அதே முகங்கள்மீதுதான் குண்டு விழுகிறது. பாணி மாறுவதில்லை, உலகம்தான் மாறுகிறது. நூலின் வலிமை அதில் உள்ளது.

மௌஸ்: உருவகமும் அதன் விரிசலும்

ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' 1986-லும் 1991-லும் இரு பாகங்களாக நூல்வடிவம் பெற்றது. 1992-ல் புலிட்சர் சிறப்பு விருதைப் பெற்றது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட தன் தந்தை விளாடெக்கின் கதையை இதில் அவர் வரைகிறார். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள்.

மனிதர்களை இனவாரியாக விலங்குகளாக்குவது நாஜிகளின் வேலையையே திரும்பச் செய்வதாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்த உருவகத்தை ஸ்பீகல்மேன் தானே உடைத்துக்கொண்டே போகிறார். போலந்துக்காரர்களாக நடித்துத் தப்பும் யூதர்கள் பன்றி முகமூடியைக் கட்டிக்கொள்கிறார்கள். கயிறு நமக்குத் தெரிகிறது. இரண்டாம் பாகத்தில் ஆசிரியரே எலி முகமூடி அணிந்த மனிதராக, பிணக்குவியல்மீது மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். தன் நூலின் வெற்றியையே அவர் கூசிப் பார்க்கும் படம் அது.

ஒளிய இடமின்றி விளாடெக்கும் மனைவி ஆன்யாவும் நடந்து செல்லும் ஒரு கட்டத்தில், எதிரே கிளைபிரியும் பாதைகளே ஸ்வஸ்திகா வடிவில் கிடக்கின்றன. உரையை மட்டும் வாசித்து விரைபவர் அதைத் தவறவிடுவார். விளாடெக்கும் நாயகன் அல்லர். கஞ்சத்தனம் மிக்கவர், இனவெறிக்குப் பலியான அவரே கறுப்பினத்தவரை இழிவாகப் பேசுகிறார். துன்பம் மனிதரை மேன்மைப்படுத்தும் என்ற ஆறுதலைக்கூட இந்நூல் தருவதில்லை.

பீமாயணம்: கட்டங்களை விட்ட கதை

மேற்சொன்ன மூன்றும் கட்டங்களால் ஆனவை. 2011-ல் வெளிவந்த 'பீமாயணம்' கட்டத்தையே கைவிடுகிறது. ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த் ஆகியோரின் உரைக்கு, கோண்டு ஓவியர்களான துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் இருவரும் வரைந்தனர். தண்ணீரும் தங்குமிடமும் மறுக்கப்பட்ட அம்பேத்கரின் அனுபவங்களே பொருள். இந்நூலும் தமிழில் உண்டு. கோண்டு மரபின் கோலங்கள் பக்கங்களைப் பிரிக்கின்றன. இதமான சொற்கள் பறவை வடிவக் குமிழ்களிலும், சாதியின் நஞ்சு கலந்த சொற்கள் தேள்கொடுக்கு உள்ள குமிழ்களிலும் வருகின்றன. யார் எப்படிப் பேசுகிறார் என்பதை வாசிக்கும் முன்பே பார்த்துவிடுகிறோம்.

பேருந்து நிறுத்தத்தில் இட ஒதுக்கீடு பற்றி நடக்கும் உரையாடலாகக் கதையைச் சட்டமிட்டிருப்பது பலவீனம். அங்கே உரை வகுப்பெடுக்கிறது. ஓவியங்கள் உரையைவிட வெகுதூரம் முன்னே நிற்கின்றன.

மதிப்பீடு

இந்த நான்கு நூல்களும் பொதுவாகப் போற்றப்படுவது அவற்றின் பொருளுக்காக: இனப்படுகொலை, புரட்சி, அணுகுண்டு, தீண்டாமை. பொருள் பெரியது என்பதால் நூல் பெரியதாகிவிடாது. அதே பொருளில் எழுதப்பட்ட உரைநடை நூல்கள் ஏராளம். கறுப்புக் கட்டம், முகமூடிக் கயிறு, தேள்கொடுக்குக் குமிழ் ஆகியவற்றை உரைநடையால் செய்ய முடியாது. விமர்சனம் தொடங்க வேண்டியது அங்கேதான். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத மதிப்புரை, சித்திரக்கதையைப் பற்றிய மதிப்புரை ஆகாது.

தொடங்கும் வாசகர் ஒரு நூலை இருமுறை வாசிப்பது நல்லது. முதல்முறை கதைக்காக, பழகிய வேகத்திலேயே வாசிக்கலாம். இரண்டாம் முறை உரையை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்துச் செல்லலாம். விளாடெக்கும் ஆன்யாவும் நடக்கும் பாதையின் வடிவம் அப்போது கண்ணில் படும்.